சாவு மைக் சொன்ன காதல் கதை

பெரம்பலூர்க் கேபிள் ஆபீசில் நான் வேலை பார்த்த காலத்தில், மைக் அண்ணன் சொல்லாமல் அந்த ஊரில் ஒருவர்கூடச் சாகவில்லை. டாக்டர் கையை விரித்திருக்கலாம், வீட்டில் ஒப்பாரி தொடங்கியிருக்கலாம், அதெல்லாம் செல்லாது. அண்ணனின் ஆட்டோ தெருமுனையில் திரும்பி, மேலே கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் ஒருமுறை கனைத்து, 'இயற்கை எய்தினார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்' என்று முடித்தால்தான் சாவு செல்லும். செத்தவரே அதுவரை சந்தேகத்தில்தான் இருப்பார் என்று எங்கள் முதலாளி சொல்லுவார்.

ஊர் அவருக்கு வைத்திருந்த பெயர் சாவு மைக். நான் வயதில் சின்னவள் என்பதால் எனக்கு மைக் அண்ணன். ரேஷன் கார்டில் வேறு ஏதோ பெயர் இருந்திருக்கும், அதை யாரும் உபயோகித்ததாகத் தெரியவில்லை. குரல் அப்படி. கிணற்றுக்கு அடியில் ஒருவர் உட்கார்ந்துகொண்டு, அவசரமே இல்லாமல், உங்களை மட்டும் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். அதே குரலில்தான் போலியோ சொட்டு மருந்தையும் ஜவுளிக்கடைத் தள்ளுபடியையும் அறிவிப்பார். 'ஆடித் தள்ளுபடி' என்று அவர் சொல்லிக்கொண்டு போனால் நாலு பெண்கள் வாசலுக்கு வந்து கன்னத்தில் கை வைத்து நிற்பார்கள். புடவை எடுத்துவிட்டு வந்ததும் தலைக்குக் குளிக்க வேண்டுமா என்று ஒரு அம்மா என்னிடமே கேட்டிருக்கிறார்.

இவ்வளவு பெரிய குரலை வைத்துக்கொண்டு, மைக் இல்லாமல் அவரால் பேச முடியாது. திக்குவாய் இல்லை, கூச்சம் என்றும் சொல்ல முடியாது. வாய்க்கு எதிரில் மைக் இல்லையென்றால் வார்த்தை வெளியே வர மறுத்துவிடும். அதற்காக ஒயர் அறுந்த பழைய மைக் ஒன்றைச் சட்டைப் பையில் பேனா மாதிரி செருகியிருப்பார். டீக்கடையில் அதை உருவி, வாய்க்கு நேராகப் பிடித்து, ஒரு டீ, சர்க்கரை கம்மி என்று அறிவிப்பார். டீக்கடைக்காரர் பழகிவிட்டார். பஸ்சுக்குக் காத்திருக்கும் வெளியூர்க்காரர்கள்தான் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போவார்கள்.

இந்தப் பழக்கம்தான் அவர் குடும்பத்தைப் பிரித்தது. மனைவி பூங்கொடி அண்ணி தையல்காரர், குரும்பலூரில் பிறந்தவர். ஒருநாள் காலையில் ஆட்டோ ஸ்டாண்டில் யாரோ ஒரு அறிவிப்புச் சீட்டை அண்ணன் கையில் திணித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார். படித்துப் பார்த்தால், செத்தவர் அண்ணனுடைய மாமனார். நேரே வீட்டுக்குத்தான் ஓட்டினார். வாசலில் நிறுத்தினார். உள்ளே அண்ணி மிஷின் மிதிக்கும் சத்தம் கேட்டது. இறங்கிப் போய் நாலு வார்த்தை சொல்ல வேண்டும். கால் இறங்கவில்லை, வாய் திறக்கவில்லை. கடைசியில் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் சொல்லிவிட்டார். ஸ்பீக்கர் கனைத்தது. 'பெரம்பலூர் பூங்கொடி அவர்களின் தகப்பனாருமாகிய' என்று தன் பெயர் தெரு முழுக்கக் கேட்ட பிறகுதான், அப்பா போய்விட்டார் என்பது அண்ணிக்குத் தெரிந்தது. அதுவும் புருஷன் குரலில், பத்தடி தூரத்திலிருந்து.

அண்ணி அழவில்லை. சாவு வீட்டிலும் அழவில்லை, அதை ஊர் ஒரு மாதிரியாகப் பேசியது. கருமாதி முடிந்து அண்ணன் கூப்பிடப் போனபோது அண்ணி பேசியது ஒரே ஒரு பேச்சுதான்.

"நீங்க பொண்டாட்டிகிட்ட சொல்லல. ஊருக்குச் சொன்னீங்க. ஊரோடயே குடும்பம் நடத்துங்க."

அதன் பிறகு இரண்டு வருஷம் அண்ணி குரும்பலூரில், அண்ணன் பெரம்பலூரில். நடுவில் எட்டு, பத்து கிலோமீட்டர் துறையூர் ரோடு.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் முதலாளியின் அரியலூர் மச்சான் சிங்கப்பூரிலிருந்து ஒரு பை நிறைய டிஸ்க் கொண்டுவந்து இறக்கினார். எல்லாம் ஜப்பான் கார்ட்டூன். எங்களுக்கு உள்ளூர்ச் சேனல் ஒன்று இருந்தது. அதில் நான் பிறந்தநாள் வாழ்த்துப் படிப்பேன், மீதி நேரம் புகார் போன் எடுப்பேன். மாலை ஆறிலிருந்து ஆறரை வரை போட எதுவும் இல்லாமல் ஒரு மீன்தொட்டியைக் காட்டிக்கொண்டிருந்தோம். மீன் செத்துவிட்டதாகவும் புகார் வந்திருந்தது. முதலாளி ஒரு டிஸ்க்கைப் போட்டுப் பார்த்தார். பூத்துக் கொட்டும் ஒரு மரம், அதன் கீழே ஒரு இளைஞன், ஒரு பெண். இருவரும் ஒன்றும் பேசாமல் பத்து நிமிஷம் நின்றார்கள். காதல் கதை என்பது புரிந்தது, அதன் பிறகு பேசிய பாஷைதான் புரியவில்லை. விளம்பர டேப் கொடுக்க வந்திருந்த மைக் அண்ணன் பையிலிருந்த மைக்கை உருவினார். சத்தத்தைக் குறைத்துவிட்டுத் தனக்கு லைன் கொடுத்தால் தமிழில் தானே பேசுவதாகச் சொன்னார்.

காரணம் அன்று சாயங்காலமே தெரிந்துவிட்டது. என் மேஜையிலிருந்த சந்தாதாரர் நோட்டைப் புரட்டி, குரும்பலூர்ப் பக்கத்தில் ஒரு பெயர்மேல் விரலை வைத்தார். மாமியார் வீடு. "நம்ம லைன்தாம்மா," என்றார் மைக்கில். "அவ தைக்கிறப்ப டிவி ஓடிட்டே இருக்கும். நான் பேசுனா கேட்டுத்தானே ஆகணும்." ஆக, அந்தக் காதல் கதை ஒரே ஒரு வீட்டுக்காக. மற்ற வீட்டுக்காரர்கள் கூட உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம்.

கண்ட்ரோல் ரூம் என்பது மாடியில், ஜன்னலை அட்டை வைத்து அடைத்த ஒரு அறை. ஏழெட்டு டிவிப் பெட்டிகளின் நீல வெளிச்சம் தவிர வேறு வெளிச்சம் கிடையாது. அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்து பேசுவார். பெண் குரலுக்கு ஒரு சொம்புக்குள் வாயை வைத்துக்கொள்வார். அந்தச் சொம்புக்குள்ளிருந்து வருவது ஆண் குரலுமில்லை, பெண் குரலுமில்லை. பக்கத்தில் இருந்து கேட்கும் எனக்கு முதுகில் எறும்பு ஊரும். கதையில் ரயில் வந்து நின்றால், எங்கள் ஊரில் ரயில் கிடையாது என்பதால், துறையூர் பஸ் வந்துவிட்டது என்பார். எல்லாவற்றையும்விட, தொழில் பழக்கம் அவரை விடவில்லை. மூன்றாம் நாள் அந்த இளைஞன் பூமரத்தடியில் நின்று, 'நான் உன்னை நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்' என்றான்.

ஊர் ஆடிப்போனது. தங்கள் வீட்டுச் சாவுகளையெல்லாம் சொன்ன குரல் நடுக்கூடத்தில் உட்கார்ந்து காதலிக்கிறது. சில வீடுகளில் டிவி மேல் வேப்பிலை செருகினார்கள். ஒரு பெரியவர் அந்த அரைமணி நேரமும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, நான் இன்னும் தயாராகவில்லை என்று டிவியிடம் சொன்னாராம். ஆனால் யாரும் சேனலை மாற்றவில்லை. ஆறு மணிக்குக் கடைத்தெருவில் ஆள் குறைவதை நானே பார்த்தேன்.

எட்டாம் நாள் காதல் டிஸ்க் தீர்ந்துபோனது. அது எங்களுக்குத் தெரியாது. எல்லா உறையும் ஒரே மாதிரி இருந்ததால் அடுத்ததை எடுத்துப் போட்டோம். மரத்தையும் காணோம், அந்தப் பெண்ணையும் காணோம். கடல். மழை. இடுப்பளவு தண்ணீரில் மலை உயரத்துக்கு ஒரு இரும்பு உருவம் நின்றது. அதற்கு வாய் இல்லை. வெகுநேரம் அசையவே இல்லை. பிறகு கண் இரண்டும் மெல்ல எரிந்தன. நான் பதறிப் போய் சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினேன். அண்ணன் என் கையைத் தடுத்துவிட்டு மைக்கைக் கிட்டே இழுத்தார்.

"அவன் இதற்குள்தான் இருக்கிறான்," என்றார் ஊர் முழுவதற்கும். "அவளிடம் சின்னக் குரலில் சொல்ல முடியாததைச் சொல்வதற்காக, பெரிய உடம்பு ஒன்றுக்குள் ஏறிவிட்டான்."

அன்று ஆறரைக்குப் பிறகு கொஞ்ச நேரம் ஆபீசில் ஒரு போன்கூட வரவில்லை. அந்த நிசப்தம் எனக்குப் பிடிக்கவில்லை.

மீதிப் பை முழுக்க அந்த ரோபோ கதைதான். அண்ணன் எல்லாவற்றையும் வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பார்த்துவிட்டு, கண் சிவக்க வந்து எனக்கு வகுப்பு எடுக்க ஆரம்பித்தார். காதல் கதை எழுதுகிறவர்களுக்குக் கதை சொல்லவே தெரியாது, ரோபோ கதைக்காரனிடம் போய்க் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவர் கட்சி. நம் காதல் கதையில் நாயகன் காதலிக்கலாமா வேண்டாமா என்று பாதிக் கதைக்கு யோசிக்கிறான். ரோபோ கதையில் பத்தாவது நிமிஷத்தில் அவனைப் பிடித்து உள்ளே தள்ளிவிடுகிறார்கள். ஓட்டத் தெரியாது, லைசென்ஸ் கிடையாது, எதிரி வந்துவிட்டான், ஓட்டித்தான் ஆக வேண்டும். காதல் அப்படித்தானே வருகிறது என்று கேட்டார். எனக்கு அனுபவம் இல்லாததால் தலையாட்டினேன்.

அடுத்தது எதிரி. ஒரே மாமியார் நூறு நாள் முறைத்துக்கொண்டிருந்தால் பார்க்கிறவன் தூங்கிவிடுவான். ரோபோ கதையில் தினம் ஒரு எதிரி, தினம் ஒரு உருவம், அன்றைக்கே தீர்ப்பு. ஆனால் எதிரி போனாலும் அவன் இடித்த கட்டடம் மறுநாளும் இடிந்தே கிடக்கும். ரோபோவின் தோளில் விழுந்த பள்ளம் கடைசிவரை இருக்கும். "நம்ம சீரியல்ல திங்கக்கிழம அறைஞ்சா புதங்கிழம கன்னத்துல தடம் இல்ல," என்றார். "பட்ட அடிய மறந்துட்டா அப்புறம் என்னம்மா கதை?" அப்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. அவருடைய தோளில் இருந்த பள்ளம் எது என்று எனக்குத் தெரியும், அதனால் நானும் அவரைப் பார்க்கவில்லை.

ரோபோவின் பெரிய வாளை ஏன் கடைசி நாலு நிமிஷத்தில்தான் உருவுகிறான், முதலிலேயே உருவினால் ஊராவது மிஞ்சுமே என்று போனில் ஒரு வாத்தியார் கேட்டார். அண்ணன் அதற்கு மறுநாள் சேனலிலேயே பதில் சொன்னார். முதலிலேயே உருவி, அது வெட்டவில்லையென்றால் அப்புறம் கையில் என்ன இருக்கிறது? உன்மேல் ஆசை என்ற வார்த்தையும் அதே சாமான்தான், வேறு எல்லாம் தோற்ற பிறகு எடுக்க வேண்டியது. இன்னொரு நாள் ஐந்து வண்டிகள் ஒன்றாகச் சேர்ந்து ஒரே ரோபோவாக நின்றன. ஒவ்வொரு வண்டிக்காரனும் சரி என்று சொன்னால்தான் அது அது வந்து பொருந்தும். கல்யாணமும் இதுதான் என்று எனக்கு விளக்கினார். அவர் நெஞ்சாம், பூங்கொடி அண்ணி தலையாம், திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் மச்சான் வலது கை. மாமியார் இடது கால். "அந்தக் காலு சேர மாட்டேங்குதும்மா. அது சேரலன்னா நிக்கவே முடியாது," என்று பெருமூச்சு விட்டார்.

இதற்கிடையில் வேறொரு வினை வந்தது. அண்ணன் எதிரிகளுக்கெல்லாம் நம்மூர்ப் பெயராக வைத்துக்கொண்டிருந்தார். கடலிலிருந்து வந்த ஒருவனுக்குச் சுந்தரம் என்று பெயர் வைத்து, ஆறு இருபத்தைந்துக்கு வெட்டிச் சாய்த்தார். மறுநாள் காலை அவருடைய ஆட்டோ எங்கள் தெருவுக்குள் வந்தது. சுந்தரம் அவர்கள் இயற்கை எய்தினார். வயசானவர், பல மாதமாகப் படுக்கையில் இருந்தவர்தான். சரி, தற்செயல். மூன்று நாள் கழித்து கோவிந்தன் என்று ஒரு எதிரி விழுந்தான். அதற்கடுத்த காலையில் நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். தூரத்தில் ஸ்பீக்கர் கனைப்பது கேட்டது. கோவிந்தன் என்ற வார்த்தை வருமோ என்று பிரஷ்ஷை வாயிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். வந்தது.

அன்றைக்குப் புகார் நோட்டில் இடம் போதவில்லை. எங்க வூட்டுக்காரர் பேரை வெச்சுடாதீங்க என்று பெண்கள் அழுதார்கள். ஒரு மருமகள் மட்டும் தாழ்ந்த குரலில் தன் மாமியார் பெயரைச் சொல்லி, முடிந்தால் பாருங்கள் என்றாள். முதலாளி இனிமேல் கதையில் ஒரு பெயரும் வரக்கூடாது என்று உத்தரவு போட்டார். ஆகவே அன்றிலிருந்து அவன், அவள், அது என்றுதான் கதை நடந்தது. அது வருகிறது. அது கரையேறிவிட்டது. அது இப்போது உங்கள் தெரு மாதிரியே இருக்கும் ஒரு தெருவில் நிற்கிறது. பெயர் இருந்தபோது இருந்த பயத்தைவிட இது மோசம்.

அப்புறம் அந்த போன். தினமும் கதை முடிந்த ஒன்றிரண்டு நிமிஷத்தில் மணி அடிக்கும். எடுத்தால் பேச்சு இருக்காது. கடகட என்று ஏதோ ஓடும் சத்தம் மட்டும். ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். பிறகு போன் வைக்கப்படும். நாலு நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் மணி அடித்ததும் எடுக்க மாட்டேன் என்று எழுந்து நின்றுவிட்டேன். அண்ணன் வந்து எடுத்தார். காதில் வைத்தவர் அப்படியே சுவரில் சாய்ந்தார். இன்னொரு கை சட்டைப் பையிலிருந்த மைக்கைத் தேடியது, எடுத்தது, வாய்க்குக் கொண்டுபோனது. ஆனால் ஒரு வார்த்தையும் வரவில்லை. போன் அடங்கிய பிறகு என்னிடம் சொன்னார்.

"தையல் மிஷின்மா. பெல்ட்டு தளந்துருக்கு. மாத்தித் தர ஆள் இல்ல போல."

பூங்கொடி அண்ணி கதையைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கேட்டேன் என்பதையும் தெரிவித்துக்கொண்டிருந்தார். இது தெரிந்த பிறகு அந்த போன் எனக்கு இன்னும் கூடுதலாகத் திகில் கொடுத்தது, ஏனென்றால் ஒருநாள் அது வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்று அண்ணனோடு சேர்ந்து நானும் காத்திருக்கத் தொடங்கியிருந்தேன்.

கதை முடிய இரண்டு நாள் இருந்தபோது வேறொரு போன் வந்தது. குரும்பலூர் மாமியார். திங்கட்கிழமையோடு லைனைக் கட் பண்ணிவிடச் சொன்னார். மகனுடன் மகள் திருப்பூருக்குப் போகிறாளாம், பனியன் கம்பெனியில் தையல் வேலை, இனி டிவி பார்க்க வீட்டில் ஆள் இல்லையாம். நோட்டில் எழுதிக்கொண்டேன். அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு மைக்கை எடுத்தார். "திருப்பூருக்கு நம்ம லைன் போகாதுல்ல?" என்று கேட்டார். போகாது என்றேன்.

கடைசி பாகத்தை அவர் முன்பே பார்த்துவிட்டிருந்தார். அதில்தான் சிக்கல். எதிரியெல்லாம் ஒழிந்த பிறகு ரோபோவின் நெஞ்சு திறக்கும், உள்ளே இருந்தவன் இறங்கி நடக்க வேண்டும். "இறங்காம முடிக்க வழி இருக்கான்னு திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்துட்டேன்மா. இல்ல. அவன் உள்ளயே இருந்துட்டா கதை முடியல, நிறுத்துறோம், அவ்ளோதான்." ரோபோவுக்குள்ளேயே வைத்துத் தாலி கட்டிவிடலாமே என்று முதலாளி யோசனை சொன்னார். அண்ணன் அவரை மைக் இல்லாமலே ஒரு பார்வை பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு அடிக்கவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. எங்களுக்கு ஜெனரேட்டர் உண்டு. ஆனால் பெரம்பலூரிலும் குரும்பலூரிலும் வீடுகள் இருண்டு கிடக்கும்போது நாங்கள் யாருக்குக் காட்டுவது? அந்த அறையில் ஒரே ஒரு பெட்டியில் மட்டும் இரும்பு உருவம் நின்றுகொண்டிருந்தது. அண்ணன் பத்து நிமிஷம் அதையே பார்த்தார். பிறகு எழுந்து, என்னைப் பார்த்து வா என்பதுபோல் தலையை அசைத்துவிட்டு மாடிப்படியில் இறங்கினார். கீழே ஆட்டோ நின்றது. ஆம்ப்ளிஃபயருக்கும் பேட்டரிக்கும் நடுவில் பின்சீட்டில் ஒடுங்கிக்கொண்டேன்.

மங்கலான வெளிச்சத்தில் பழைய பஸ் ஸ்டாண்டைத் தாண்டினோம். ஸ்பீக்கர் கனைத்தது. கனைத்ததுமே இரண்டு பக்கமும் கதவுகள் திறந்தன. மெழுகுவத்தியும் சிம்னி விளக்குமாக ஆட்கள் வாசலுக்கு வந்து, யார் போனது என்று கேட்க நின்றார்கள். அண்ணன் ஒரு கையில் ஹேண்டிலும் ஒரு கையில் மைக்குமாகச் சொன்னார்.

"பெரம்பலூர் மற்றும் சுற்றுவட்டாரப் பொதுமக்களுக்குத் தெரிவிப்பது. இன்று மாலை யாரும் இறக்கவில்லை. கதையின் கடைசி பாகம் இப்போது நடைபெறுகிறது."

ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. ஆட்டோ நடை வேகத்தில் போனது. அது கடைசி முறையாக நடக்கிறது என்றார். அதன் ஒரு தோள் உடைந்திருக்கிறது, ஊரெல்லாம் இருட்டு, தூரத்தில் ஒரு கரையில் அவள் இருக்கிறாள் என்றார். திரும்பிப் பார்த்தேன். பத்து இருபது பேர் விளக்கோடு பின்னால் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். சாவு வண்டி, பின்னால் ஜனம், நடுவில் பிணம் மட்டும் இல்லை. ஊர் எல்லையில் அவர்கள் நின்றுவிட்டார்கள், நாங்கள் போனோம்.

துறையூர் ரோட்டில் இரண்டு பக்கமும் சோளக்காடு. கேட்க ஒரு ஜீவன் இல்லை. அண்ணன் நிறுத்தவில்லை. காட்டைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே ஓட்டினார். உள்ளே இருக்கும்வரை அவன் மலை உயரம். இறங்கினால் அவ்வளவு சின்னவன். அவளுக்கு அடையாளம் தெரியுமா என்று அவனுக்குப் பயமாக இருக்கிறது. சொன்னது சோளத்தட்டையில் மோதி ஒரு நொடி கழித்து எங்களுக்கே திரும்பி வந்தது. காட்டுக்குள்ளிருந்து வேறு யாரோ அதையே சொல்வதுபோல் இருந்தது. நான் முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

குரும்பலூரிலும் கதவுகள் திறந்தன. ஆட்டோ ஒரு சின்ன வீட்டின் முன்னால் நின்றது. திறந்த வாசலில் சிம்னி விளக்கை வைத்துக்கொண்டு பூங்கொடி அண்ணி தைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கட்டி வைத்த பைகள். நிலைப்படியை மறித்துக்கொண்டு மாமியார். அண்ணி தலையைத் தூக்கவில்லை, மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

"அது கரைக்கு வந்து நின்றுவிட்டது," என்றது ஸ்பீக்கர். அப்புறம் வெறும் ங் என்ற இரைச்சல். தெரு முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. அண்ணன் கையை நீட்டி ஆம்ப்ளிஃபயரை அணைத்தார். அந்த இரைச்சல் நின்றபோது உண்டான அமைதியை நான் எந்தச் சாவு வீட்டிலும் கேட்டதில்லை. கையில் இருந்த மைக்கை என்னிடம் கொடுத்தார். சட்டைப் பையிலிருந்த ஒயர் அறுந்த மைக்கையும் உருவி என் மடியில் வைத்தார். இறங்கினார்.

இத்தனை நாளில் அவர் குள்ளமானவர் என்பதை அப்போதுதான் கவனித்தேன். பத்தடி நடந்து வாசலில் நின்றார். வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். அவர் எங்கே திரும்பி ஓடிவந்து என் மடியிலிருந்து மைக்கைப் பிடுங்கிக்கொள்வாரோ என்று இரண்டையும் முந்தானையில் மறைத்துக்கொண்டேன். அப்போது நான் கேட்டேயிராத ஒரு குரல் வந்தது. மெல்லிய, கரகரத்த, யாருக்கும் பயம் தராத குரல்.

"பூங்கொடி. உங்கப்பா தவறிட்டாரும்மா."

மிஷின் நின்றது.

தெருவில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அந்த மனிதர் செத்து இரண்டு வருஷம் ஆகிறது. அண்ணி மட்டும் துணியின்மேல் வைத்த கையை எடுக்காமல், இப்போதுதான் கேள்விப்பட்டதைப்போல் அவரைப் பார்த்தார்.

"எப்பங்க?" என்றார்.

"காலைல. தூக்கத்துலயே. கஷ்டப்படல."

அண்ணி அழுதார். அப்பா செத்த அன்று அழாத அழுகையை மிஷின்மேல் கவிழ்ந்து, அப்பா அப்பா என்று அழுது தீர்த்தார். அண்ணன் கிட்டே போய் நின்றார், தொடக்கூடத் தெரியாமல் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து அண்ணி முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாசலிலேயே நிற்கிறீங்களே, உள்ளே வாங்க என்றார். மாமியார் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார். இடது கால் நகர்ந்து வழி விட்டது.

கரண்ட் வந்தது. தெரு நெடுக எல்லா வீட்டு டிவியும் ஒன்றாக எரிந்தன. முதலாளி டிஸ்க்கை ஓடவிட்டிருக்க வேண்டும். எல்லா வீட்டிலும் ஒரே படம். நெஞ்சு திறந்து, உள்ளே யாரும் இல்லாமல், அந்த இரும்பு உருவம் கடலோரத்தில் தனியாக நின்றது. அதன் கண் அணைந்திருந்தது. பார்க்க ஒருவரும் உள்ளே போகவில்லை.

அதற்குப் பிறகும் அண்ணன் சாவு அறிவிப்பை விடவில்லை. ஆனால் ஒரு புது வழக்கம் வைத்துக்கொண்டார். சீட்டு கைக்கு வந்ததும், அதில் எழுதியிருக்கும் மகள், தங்கை, மருமகன் யார் ஊருக்குள் இருந்தாலும் முதலில் அங்கே போவார். ஆட்டோவைத் தள்ளி நிறுத்திவிட்டு இறங்கி, அந்தச் சின்னக் குரலில் சொல்லிவிட்டு, அவர்கள் உட்காரும்வரை நின்றுவிட்டுத்தான் மைக்கைத் தொடுவார். இதனால் அறிவிப்புகள் எல்லாம் தாமதமாயின. ஒருமுறை சுடுகாடு போய்த் திரும்பிக்கொண்டிருந்தவர்களிடமே இறுதி ஊர்வலம் நாலு மணிக்கு என்று அறிவித்து வாங்கிக் கட்டிக்கொண்டார்.

மூன்று வருஷம் கழித்து நான் திருச்சியில் ஒரு ஆபீசில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஒருநாள் காலை பத்தரை மணிக்கு, உன்னைப் பார்க்க யாரோ வந்திருக்கிறார்கள் என்றார்கள். வெளியே மைக் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். சட்டைப் பையில் ஒன்றும் இல்லை. பெரம்பலூரிலிருந்து பஸ்சில் ஒன்றரை மணி நேரம் நின்றுகொண்டே வந்திருக்கிறார். போன் போட்டிருந்தால் அரை நிமிஷத்தில் முடிந்திருக்கும். எங்கள் வீட்டில் போன் போடத்தான் போனார்களாம், இவர்தான் வேண்டாம் என்று தடுத்துவிட்டு பஸ் ஏறியிருக்கிறார். என்னை உட்காரச் சொன்னார். தண்ணீர் வாங்கிவந்து கொடுத்து, குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் நான் குறுக்கே பேசவில்லை. என் அப்பா போன செய்தியை இந்த உலகத்தில் வேறு யார் சொல்லியும் நான் கேட்டிருக்க மாட்டேன்.